ஒரே பாதையில் இரண்டு பம்புகள்: இதயத்துக்குள் இரத்தம் போகும் வழி

இதயத்தின் வலப்பக்கம் ஒரு துடிப்புக்கு 71 மில்லி இரத்தத்தை அனுப்புகிறது, இடப்பக்கம் 70 மில்லிதான் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஒரே ஒரு மில்லி. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 70 மில்லி நுரையீரலில் மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் 4,200 மில்லி. வளர்ந்த ஒருவர் உடம்பில் இருப்பதே ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம். ஒரு மணி நேரம் கழிந்தால் அதில் பெரும்பகுதி நுரையீரலுக்குள் தேங்கி நிற்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை, எந்த நோயில் இதே கணக்கு சிறிய அளவில் நடந்துவிடுகிறது என்ற இரண்டும் பிடிபட்டால், இதய நோய்களின் அறிகுறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

பாடப் புத்தகப் படத்தில் நீலமும் சிவப்புமாக இரண்டு வட்டம் இருக்கும், ஒன்று நுரையீரலுக்கு, ஒன்று உடம்புக்கு. அதைப் பார்த்த பலர் மனதில் பதிவது, இதயம் இரத்தத்தைப் பாதியாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் அனுப்புகிறது என்பதுதான். அது தவறு. வட்டம் இரண்டாகத் தெரிந்தாலும் பாதை ஒன்று. லைசென்ஸ் எடுக்க எட்டுப் போடும்போது ஒரு வளையத்தை முடித்த வண்டியே அடுத்த வளையத்துக்குள் போகிறதல்லவா, அதே மாதிரி. இரண்டு வளையமும் ஒட்டும் இடத்தில் இதயம் இருக்கிறது. வலது பம்பிலிருந்து வெளியேறியது முழுக்க நுரையீரலைக் கடந்து இடது பம்புக்கு வந்தாக வேண்டும். இடது பம்பு அனுப்பியது முழுக்க உடம்பைச் சுற்றி வலது பம்புக்குத் திரும்பியாக வேண்டும்.

இரண்டும் ஒரே அளவில் ஓடுவதற்கு மேலிருந்து யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு அறைக்குள் கூடுதலாக இரத்தம் வந்தால் சுவரின் தசை இழுபடும். இழுபட்ட தசை அடுத்த துடிப்பில் அதிக விசையோடு சுருங்கும். வந்த கூடுதல் அப்படியே வெளியேறிவிடும். ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க் 1895இல் தவளை இதயத்தில் இதைப் பார்த்தார். இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் பிறகு நாய் இதயத்தில் விரிவாகக் காட்டினார். நரம்புத் தொடர்பு அறுபட்ட மாற்று இதயத்திலும் இது வேலை செய்கிறது. தசை தளர்ந்து போனால், அல்லது வால்வு குறுகிப்போனால், இந்தச் சரிக்கட்டல் ஒரு எல்லைக்கு மேல் எடுபடாது. அங்கேதான் தேக்கம் ஆரம்பிக்கிறது.

பெயர்களும் இடமும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தமனி, சிரை, ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள். இலங்கைப் பாடநூல்களில் நாடி, நாளம், சோணையறை, இதயவறை. தமிழ்நாட்டில் நாடி என்றால் மணிக்கட்டில் பிடித்துப் பார்க்கும் துடிப்பு, ஆகவே இரு பக்கத்து மாணவர்களும் ஒருவர் புத்தகத்தை ஒருவர் படித்தால் முதலில் தடுமாறுவார்கள். இங்கே மேலறை, கீழறை, தமனி, சிரை என்றே எழுதுகிறேன். தமனி என்றால் சிவப்பு இரத்தம், சிரை என்றால் கருஞ்சிவப்பு இரத்தம் என்ற விளக்கத்தை மறந்துவிடுவது நல்லது. இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய் தமனி, இதயத்துக்குள் வரும் குழாய் சிரை. திசைதான் கணக்கு.

இதயம் அவரவர் மூடிய கை அளவு, 250 முதல் 350 கிராம் எடை. நெஞ்செலும்புக்குப் பின்னால், மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. வலது, இடது என்ற பெயர்கள் உண்மையில் கொஞ்சம் ஏமாற்றுபவை. இதயம் முறுக்கித் திரும்பியிருப்பதால் நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் இருப்பது வலது கீழறை. எல்லாவற்றுக்கும் பின்னால், உணவுக்குழாயை ஒட்டிக் கிடப்பது இடது மேலறை. முன்னாலிருந்து நெஞ்சில் கத்தி பாய்ந்தால் பெரும்பாலும் காயப்படுவது வலது கீழறைதான். இடது மேலறைக்குள் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க, ஒலி அலைகளால் படம் எடுக்கும் எக்கோ கருவியை வாய்வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்குவதும் இந்த அமைப்பால்தான். நடுவில் நுரையீரலும் விலா எலும்பும் குறுக்கிடாததால் படம் தெளிவாகக் கிடைக்கும். இடது மேலறை அளவுக்கு மீறி வீங்கியவர்களுக்கு விழுங்கச் சிரமம் வருவதும், குரல் கம்முவதும் உண்டு. இதய நோயாளி தொண்டை டாக்டரிடம் போய் நிற்பது இப்படித்தான்.

வலப்பக்கம்

உடம்பைச் சுற்றிய இரத்தம் வலது மேலறைக்கு மூன்று வழியாக வருகிறது. தலை, கைகளிலிருந்து மேற்பெருஞ்சிரை; வயிறு, கால்களிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரை; இதயத் தசையிலிருந்தே வரும் கரோனரி சைனஸ். மூன்றாவது சின்னக் குழாய்தான், ஆனால் அதில் வரும் இரத்தம்தான் மூன்றிலும் கருமையானது. கலந்த சிரை இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு ஏறத்தாழ 75 சதவீதம் இருக்கும்போது கரோனரி சைனஸில் 30 சதவீதம்தான் மிஞ்சும். காரணம் பிறகு.

வலது மேலறையின் அழுத்தம் வெறும் 2 முதல் 6 மி.மீ. பாதரசம். அங்கிருந்து மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறை. அது சுருங்கும்போது நுரையீரல் வால்வைத் திறந்துகொண்டு நுரையீரல் தமனிக்குள். இங்கே அழுத்தம் சுமார் 25/10. கையில் பட்டி கட்டி அளக்கும் 120/80உடன் ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு. நுரையீரலில் காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சவ்வு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. அழுத்தம் ஏறினால் நீர் அதன் வழியாகக் காற்றறைக்குள் கசிந்துவிடும். அந்தச் சவ்வை ஒட்டிய நுண்குழாயில் ஒரு சிவப்பணு இருப்பது ஓய்வில் முக்கால் நொடி. அதில் முதல் கால் நொடியிலேயே ஆக்சிஜன் நிறைந்துவிடுகிறது. மீதி அரை நொடி கையிருப்பு. ஓடும்போது இரத்தம் வேகமாகக் கடந்தாலும் ஆக்சிஜன் குறையாதது இதனால்தான். நுரையீரல் தடித்துப்போனவருக்கு உட்கார்ந்திருக்கும்போது அளவு சரியாகவும், மாடி ஏறியதும் குறைவாகவும் காட்டுவது அந்தக் கையிருப்பு செலவாகிவிட்டதால்.

இடப்பக்கம்

பொதுவாக நான்கு நுரையீரல் சிரைகள், சிவந்த இரத்தத்தோடு, இடது மேலறைக்கு வந்து சேர்கின்றன. அவற்றின் வாயில் வால்வு கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இடது மேலறையில் அழுத்தம் ஏறினால் தடுப்பதற்கு எதுவும் இல்லை, நேராக நுரையீரல் நுண்குழாய் வரை ஏறும். மேலறையிலிருந்து ஈரிதழ் வால்வு, இடது கீழறை, பெருந்தமனி வால்வு, பெருந்தமனி. கீழறை நிரம்பி முடிந்ததும் அதில் சுமார் 120 மில்லி இருக்கும். சுருங்கும்போது 70 மில்லி வெளியேறும், 50 மில்லி உள்ளேயே தங்கும். எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று போடுவது, நிரம்பியதில் எத்தனை சதவீதம் வெளியேறியது என்ற இந்த விகிதம்தான். 55 முதல் 70 சதவீதம் இயல்பு. நூறு சதவீதம் வர வேண்டும் என்று எண்ணி, 60ஐப் பார்த்ததும் இதயம் 40 சதவீதம் கெட்டுவிட்டதாகப் பயப்படுகிறவர்கள் நிறைய. இதயம் ஒருபோதும் முழுக்கக் காலியாவதில்லை.

இரு கீழறைகளும் அனுப்பும் அளவு ஒன்றுதான். தள்ள வேண்டிய அழுத்தம் வேறு. அதனால் வலது கீழறையின் சுவர் 3 முதல் 5 மி.மீ., இடது கீழறை அதைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிமன்.

கையில் எடுத்துப் பார்க்க

படத்தை நூறு முறை பார்ப்பதைவிட ஆட்டு இதயம் ஒன்றை வாங்கி அறுத்துப் பார்ப்பது மேல். அமைப்பு மனித இதயத்துக்கு மிக நெருக்கம். கறிக்கடையில் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும்: மேலே இருக்கும் குழாய்களை ஒட்ட அறுக்காமல் இரண்டு அங்குலம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள், இரத்தம் வடிய நடுவில் கத்தியால் கீறவும் கூடாது. கீறிவிட்டால் வால்வு சோதனை எதுவும் நடக்காது.

முதலில் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் பை மாதிரி மடங்கும்; அது வலது. மறுபக்கம் கல் மாதிரி நிற்கும், அது இடது. முன்பக்கம் கொழுப்புப் படிந்த ஒரு பள்ளம் சாய்வாக இறங்குவது தெரியும். இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவரின் எல்லைக்கோடு அது, அதற்குள்தான் இதயத் தசைக்கு இரத்தம் தரும் இடது கரோனரி தமனியின் முன் கிளை ஓடுகிறது. மேலே தடித்த, விரலை விட்டாலும் வாய் திறந்தபடியே நிற்கும் குழாய் பெருந்தமனி. அதன் பக்கத்தில் அதைவிட மெல்லிய சுவருடன் இருப்பது நுரையீரல் தமனி. தொய்ந்து ஒட்டிக் கிடப்பவை சிரைகள்.

இதயத்தை நிமிர்த்திப் பிடித்துப் பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே மூன்று சின்னப் பைகள் உப்பி, நடுவில் ஒன்றோடொன்று முட்டி, தண்ணீரை நிறுத்தும். அதுதான் பெருந்தமனி வால்வு; அரைநிலா வடிவத்தால் அரைச்சந்திர வால்வு என்றும் பெயர். தண்ணீர் மெதுவாக இறங்கினால் வால்வு ஒழுகுகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். பைகளுக்குச் சற்று மேலே, சுவரில், குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிதாக இரண்டு துளைகள் இருக்கும். அவை கரோனரி தமனிகளின் வாய்கள், தண்ணீர் அவற்றின் வழியாகவும் போகும். பெருந்தமனியிலிருந்து பிரியும் முதல் கிளைகளே இதயத்துக்குத்தான்.

பிறகு வலது கீழறையை முன்சுவரில் நீளவாக்கில் திறந்தால், குறுக்கே பாலம் போட்ட மாதிரி ஒரு தசைப்பட்டை தெரியும். மின் தூண்டுதலை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோகும் இழைகள் அதனுள் ஓடுகின்றன. இடது கீழறையைத் திறக்கக் கத்தி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். உள்ளே சுவரிலிருந்து கட்டை விரல் போல நிற்கும் இரண்டு தசைகளும், அவற்றின் நுனியிலிருந்து ஈரிதழ் வால்வின் ஓரம் வரை போகும் வெண்ணிற நூல்களும்தான் பார்க்க வேண்டியவை. இழுத்துப் பாருங்கள், லேசில் அறாது. இந்த நூல்கள் வால்வைத் திறப்பவை என்று பல குறிப்புகளில் எழுதியிருக்கிறது. இல்லை. திறப்பதும் மூடுவதும் இரத்தத்தின் அழுத்த வித்தியாசம். பலத்த காற்றில் குடை மேல்நோக்கித் திரும்பிக்கொள்வது போல, கீழறை சுருங்கும்போது வால்வு மேலறைப் பக்கமாகப் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வதே நூல்களின் வேலை.

மனிதர்களில் அந்த இரண்டு தசைகளில் ஒன்றுக்கு இரண்டு தமனிகள் இரத்தம் தருகின்றன; உள்பின்புறத் தசைக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. இதயத்தின் அடிப்பக்கத்தில் மாரடைப்பு வந்த சில நாளில், நன்றாகத் தேறி வந்தவருக்குத் திடீரென மூச்சு முட்டி நுரையீரல் நிரம்பினால், அந்தத் தசை அறுந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் உடனே எக்கோ எடுக்க ஓடுவது இந்த ஒற்றைக் குழாயால்தான்.

0.8 நொடி

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.8 நொடி. மேலறைகள் 0.1 நொடி சுருங்கும், கீழறைகள் 0.3 நொடி, மீதி 0.4 நொடி நான்கு அறையும் தளர்ந்திருக்கும். கீழறை நிரம்புவதில் முக்கால் பங்கு இந்தத் தளர்ந்த நேரத்திலேயே தானாக நடந்துவிடுகிறது. மேலறையின் சுருக்கம் கடைசிக் கால் பங்கைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். மேலறைகள் ஒழுங்கின்றி வெறுமனே நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஆள் உடனே விழுந்துவிடாததற்கு இதுவே காரணம். அதில் பெரிய ஆபத்து வேறு. சுருங்காத இடது மேலறையின் மூலையில் காது மடல் போன்ற ஒரு பை இருக்கிறது, அங்கே இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பினால் அடுத்த நிறுத்தம் பெரும்பாலும் மூளை.

தூண்டுதல் வலது மேலறையின் மேல்மூலையில் உள்ள சைனஸ் கணுவில் பிறக்கிறது. மேலறையிலிருந்து கீழறைக்கு அது இறங்க ஒரே ஒரு வாசல்தான் உண்டு, ஏ.வி. கணு. அங்கே வேண்டுமென்றே ஏறத்தாழ 0.1 நொடி தாமதம். மேலறை காலியாக நேரம் கொடுக்கத்தான். தாண்டியதும், கீழறைகளுக்குள் தூண்டுதலைப் பரப்பும் பர்கின்ஜி இழைகளில் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் பாய்ந்து இரு கீழறைகளையும் சேர்த்துச் சுருக்குகிறது. சைனஸ் கணு நின்றால் ஏ.வி. கணு நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை ஓட்டும். அதுவும் அடைபட்டால் கீழறை 20 முதல் 40. பேஸ்மேக்கர் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த நிலைகளில். காதில் கேட்கும் லப், மேலறை கீழறை நடுவில் உள்ள இரு வால்வுகள் மூடும் நேரம். டப், தமனி வாயில் உள்ள இரு வால்வுகள் மூடும் நேரம்.

தனக்கே கடைசியில்

நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளும் இதயம் தனக்கு எடுத்துக்கொள்வது 250 மில்லி, 5 சதவீதம். சிறுநீரகம் இரண்டுக்கும் சேர்த்துப் போவது 20 சதவீதம். இதயத் தசை கொடுத்ததில் பெரும்பகுதி ஆக்சிஜனை ஓய்விலேயே உறிஞ்சிவிடுகிறது. கரோனரி சைனஸ் இரத்தம் அவ்வளவு கருத்திருப்பதன் காரணம் இதுதான். கால் தசைக்கு அதிக ஆக்சிஜன் வேண்டுமென்றால் அதே இரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் பிழிந்துகொள்ளலாம். இதயத்துக்கு அந்த வசதி இல்லை. கூடுதல் வேலை என்றால் கூடுதல் இரத்தம் வந்தே ஆக வேண்டும். கரோனரியில் பாதிக்கு மேல் அடைப்பு இருப்பவருக்கும் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாமல், பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது மட்டும் நெஞ்சு இறுகுவது அதனால்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இடது கீழறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் குழாய்களைத் தானே நசுக்குகிறது. அதற்கு இரத்தம் பெரும்பாலும் தளரும்போதுதான் கிடைக்கும். துடிப்பு வேகமாகும்போது சுருங்கும் நேரம் அதிகம் குறைவதில்லை, தளரும் நேரம்தான் வெட்டுப்படுகிறது. அதாவது தேவை கூடும் நேரத்தில் வரத்து குறைகிறது. அடைப்பு உள்ளவர்களுக்குத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை தருவதன் நியாயம் இதில் இருக்கிறது. அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஏன் ஆபத்து என்பதும்தான்.

திரும்பும் வழி

பெருந்தமனியின் குறுக்குப் பரப்பு 4 சதுர செ.மீ.கூட வராது. அது கிளைவிட்டுக் கிளைவிட்டு நுண்குழாய்களாகும்போது மொத்தப் பரப்பு ஆயிரக்கணக்கான சதுர செ.மீ. ஆற்றில் சுழித்து ஓடும் நீர் ஏரியில் விரிந்ததும் அசையாதது போலத் தெரிகிறதே, அப்படி, இரத்தத்தின் வேகம் நொடிக்கு ஒரு மி.மீ. அளவுக்கு அல்லது அதற்கும் கீழே இறங்குகிறது. சத்தும் வாயுவும் கைமாற அந்த மந்தம் வேண்டும். சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர், பல நுண்குழாய்களும் ஏறக்குறைய அதே அளவு. ஒன்றன்பின் ஒன்றாக, சில இடங்களில் மடிந்துகொண்டு, நுழைகின்றன. குடல், மண்ணீரல் இரத்தம் மட்டும் நேரே இதயத்துக்கு வராமல் கல்லீரலில் இரண்டாவது முறை நுண்குழாய்களாகப் பிரிந்து பிறகு வருகிறது.

நுண்குழாயைத் தாண்டியபின் அழுத்தம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். காலிலிருந்து இதயம் வரை நான்கு அடி ஏற்றம். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் ஆழ்சிரையைப் பிழிய, சிரைக்குள் உள்ள வால்வுகள் கீழே இறங்கவிடாமல் தடுக்க, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து உறிஞ்ச, இப்படித்தான் ஏறுகிறது. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கால் சிரைகள் புடைப்பதும் மாலையில் பாதம் வீங்குவதும், நிற்கிறார்களே தவிர நடப்பதில்லை என்பதால்.

இந்த வால்வுகளை 1603இல் உடற்கூறியல் ஆசிரியர் ஃபேப்ரீஷியஸ் இத்தாலியின் பதுவா நகரில் விவரித்து நூல் வெளியிட்டார். ஆனால் இரத்தம் கீழ்நோக்கிப் பாயும் வேகத்தைக் குறைக்கவே அவை இருப்பதாக நினைத்தார். அவரிடம் படித்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி அதே வால்வைப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தார். முழங்கைக்கு மேலே துணி கட்டிப் புடைத்த சிரையில், ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மற்றொரு விரலால் மேல்நோக்கி வழித்துவிட்டால், காலியான பகுதி மேலிருந்து நிரம்புவதில்லை. அழுத்திய விரலை எடுத்தால்தான் கீழிருந்து நிரம்புகிறது. உங்கள் கையிலேயே இப்போதே செய்து பார்க்கலாம். அவருடைய இன்னொரு ஆயுதம் வெறும் பெருக்கல். துடிப்புக்கு அரை அவுன்ஸ், அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு என்று குறைத்துப் போட்டாலும் 500 அவுன்ஸ், இன்றைய கணக்கில் 14 லிட்டருக்கு மேல். சாப்பாட்டிலிருந்து கல்லீரல் இரத்தத்தைப் புதிது புதிதாகச் செய்கிறது என்பதே அன்றைய நம்பிக்கை. ஆனால் அவ்வளவு இரத்தத்தைச் செய்ய வாய்ப்பே இல்லை. போனதுதான் திரும்பி வர வேண்டும். 1628இல் நூல் அச்சானது. தமனியும் சிரையும் எங்கே இணைகின்றன என்பதை அவர் காணவில்லை. 1661இல் இத்தாலியின் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்குழாய்களைப் பார்த்த பிறகே வட்டம் பூர்த்தியானது. நுரையீரல் வழியாக இரத்தம் இடப்பக்கம் போகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ் எழுதியிருந்தார். ஐரோப்பா அதை வெகுகாலம் அறியவில்லை.

அடைத்தால் பின்னால் தேங்கும்

வாய்க்காலில் மடை அடைத்தால் மேல்பக்கம் நீர் ஏறும், கீழ்பக்கம் வயல் காயும். இதயத்திலும் அதுவே விதி. அடைபட்ட இடத்துக்கு முந்தைய நிறுத்தம் எது என்று பாதையில் பின்னோக்கி எண்ணினால் அறிகுறி கிடைத்துவிடும்.

இந்தியாவில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஈரிதழ் வால்வுச் சுருக்கம். சிறுவயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண், சரியாக மருந்து எடுக்காத சிலருக்கு ரூமாட்டிக் காய்ச்சலாகி, பல ஆண்டு கழித்து வால்வு இதழ்களை ஓரத்தில் ஒட்ட வைத்துவிடுகிறது. இயல்பாக 4 முதல் 6 சதுர செ.மீ. திறக்க வேண்டிய வால்வு 1.5க்குக் கீழே போனால் கடுமையானது என்பார்கள். இப்போது பின்னோக்கி எண்ணுங்கள். இடது மேலறையில் அழுத்தம் ஏறும்; வால்வில்லாத சிரைகள் வழியே நுரையீரல் நுண்குழாய்க்குப் போகும். அங்கே இயல்பு அழுத்தம் 10க்குள். பிளாஸ்மாப் புரதங்கள் நீரை உள்ளே பிடித்துவைக்கும் விசை சுமார் 25. அதைத் தாண்டினால் நீர் காற்றறைக்குள் கசியும். படுத்தால் கால்களின் இரத்தம் நெஞ்சுக்கு ஏறி மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தணியும். நோயாளி தலையணைகளை அடுக்கிக்கொண்டு தூங்குவதைக் கேட்டாலே மருத்துவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். இன்னும் பின்னால் போனால் நுரையீரல் தமனி அழுத்தம் ஏறி, மெல்லிய சுவர் கொண்ட வலது கீழறை தளர்ந்து, கழுத்துச் சிரை புடைத்து, கல்லீரல் வீங்கி, காலில் நீர் கோக்கும். ஒரே வால்வின் கோளாறு, பாதையில் ஒவ்வொரு நிறுத்தமாகப் பின்வாங்கி வருகிறது.

இது பல பெண்களுக்கு முதல் கர்ப்பத்தில்தான் வெளிப்படும். கர்ப்பத்தில் இரத்த அளவு ஏறக்குறைய 40 சதவீதமோ அதற்கு மேலோ கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது. குறுகிய வாசல், கூட்டம் அதிகம், கதவு திறந்திருக்கும் நேரம் குறைவு. ரத்தசோகையால் மூச்சு வாங்குகிறது என்று விட்டுவிடுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. இதழ்கள் மெலிந்து நெகிழ்வாக இருந்தால், தொடைச் சிரை வழியே வலது மேலறைக்குள் போய், நடுச்சுவரைத் துளைத்து, பலூனை வால்வுக்குள் விரித்து ஒட்டலைப் பிரித்துவிடலாம். ஜப்பானின் இனோவே 1980களில் கொண்டுவந்த முறை இது. சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால் வால்வையே மாற்ற வேண்டியதுதான். திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சாயும் தட்டு வால்வு 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோக வால்வு வைத்தவர் ஆயுள் முழுக்க இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்து, இரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த மாத்திரையாக வார்ஃபரின் எடுப்பவர் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் அறவே இல்லை என்ற ஏற்ற இறக்கம்தான் அளவைக் கெடுக்கும். ரூமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை, காய்ச்சல் இல்லையே என்று நிறுத்துவதும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

குறுக்கு வழிகள்

கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லை. நச்சுக்கொடியில் தாயிடமிருந்து ஆக்சிஜன் வாங்கிச் சிவந்த கருவின் இரத்தம் தொப்புள் சிரை வழியாக வலது மேலறைக்கு வந்து, நடுச்சுவரில் உள்ள நீள்வட்டத் துளை வழியே நேராக இடது மேலறைக்குத் தாண்டிவிடுகிறது. தப்பி வலது கீழறைக்குப் போனதில் பெரும்பகுதியும் நுரையீரல் தமனியிலிருந்து பெருந்தமனிக்குப் போகும் ஒரு இணைப்புக் குழாயில் திரும்பிவிடும். பிறந்து முதல் மூச்சு எடுத்ததும் நுரையீரல் விரிந்து இடது மேலறையில் அழுத்தம் ஏற, துளையின் மடல் கதவு போலச் சாத்திக்கொள்கிறது. இணைப்புக் குழாய் ஓரிரு நாளில் சுருங்கி அடைபடும்.

கீழறைகளுக்கு நடுவே ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காமல் போகலாம். பிறந்த நேரத்தில் நுரையீரல் பக்க அழுத்தமும் அதிகமாக இருப்பதால் ஓட்டை வழியே பெரிதாக எதுவும் பாய்வதில்லை. நாளடைவில் அது இறங்க இறங்க இடமிருந்து வலமாகப் பாயும். பெரிய ஓட்டை என்றால் ஒன்று இரண்டு மாதத்தில் பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், இழுத்து இழுத்துக் குடித்துப் பாதியில் தூங்கிவிடும், எடை ஏறாது. பிறந்தபோது நல்லாத்தான் இருந்தது என்று பெற்றோர் சொல்வது உண்மைதான்.

மேலறைத் துளை நான்கு பேரில் ஒருவருக்கு முழுதாக ஒட்டாமல், மடல் மட்டும் சாத்தியபடி நின்றுவிடுகிறது. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் நேராது. ஆனால் கெண்டைக்கால் ஆழ்சிரையில் உறைந்த கட்டி ஒன்று கிளம்பினால், வழக்கமான பாதையில் கீழ்ப்பெருஞ்சிரை, வலது மேலறை, வலது கீழறை, பிறகு நுரையீரல் தமனியில் போய் அடைக்கும். இந்தப் பாதையில் காலில் பிறந்த கட்டி மூளைக்குப் போகவே முடியாது, நுரையீரல் சல்லடை நடுவில் நிற்கிறது. இருமியோ முக்கியோ வலது மேலறையில் அழுத்தம் ஏறும் அந்தக் கணத்தில் மடல் திறந்தால் மட்டும் கட்டி இடப்பக்கம் தாண்டிப் பக்கவாதம் வரும். காரணம் தெரியாத பக்கவாதம் வந்த இளவயதினருக்கு இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. உப்பு நீரைக் கொஞ்சம் காற்றோடு இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே வேகமாகத் தள்ளித் தள்ளி நுண்ணிய குமிழிகளாக்கி, கைச் சிரையில் ஏற்றிவிட்டு எக்கோவில் பார்ப்பார்கள். வலது மேலறை வெண்மையாக நிரம்பும். நுரையீரல் நுண்குழாய் குமிழியை விடாது என்பதால் இடப்பக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டும். நோயாளியை முக்கச் சொல்லிவிட்டுத் துடிப்பை எண்ணுவார்கள்: மூன்று துடிப்புக்குள் இடது மேலறையில் குமிழி வந்தால் ஓட்டை இதயத்தில், ஐந்தாறு துடிப்பு தாமதித்து வந்தால் இதயம் சரி, நுரையீரலுக்குள் எங்கோ ஒரு தமனி நுண்குழாயாகப் பிரியாமல் நேராகச் சிரையோடு சேர்ந்திருக்கிறது.